விசுவாசமும் தொண்டும்: ஆதிக் கிறிஸ்தவர் வாழ்வு எழுப்பும் சில வினாக்கள்

கி.பி. 112ஆம் ஆண்டளவில், கருங்கடலின் தென்கரையை அடுத்த பித்தினியா மாகாணத்தின் ஆளுநராயிருந்த பிளினி, தன் பேரரசன் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினான். கிறிஸ்தவரை எக்குற்றத்தின்பேரில், எவ்வளவுக்குத் தண்டிப்பது என்பதிலே அவனுக்குத் தெளிவு இருக்கவில்லை. உண்மையை அறியும்பொருட்டு அடிமைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும், அவ்விருவரும் தம் கூட்டத்தாரால் ‘தொண்டர்’ என்ற பெயரால் அழைக்கப்பட்டவர்கள் எனவும் அவன் அதிலே குறிப்பிடுகிறான். எல்லை கடந்த மூடநம்பிக்கையொன்றைத் தவிர வேறெதனையும் தான் காணவில்லை என்பது அவனுடைய முடிவு. அப்பெண்களின் பெயர்களை அவன் எழுதவில்லை. பின்னர் அவர்களுக்கு யாது நேர்ந்தது என்பதும் அக்கடிதத்திலே இல்லை.

ஆதிக் கிறிஸ்தவ வரலாற்றிலே புகழ்பெற்றோர் பலர் இருக்க, இவ்விருவரையும் முதலில் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிளினி இலத்தீனில் வழங்கிய அப்பெயர் கிரேக்கத்திலே ‘தியாக்கோனொஸ்’ எனப்படும் சொல்லின் மொழிபெயர்ப்பு என அறிஞர் பலர் கொள்வர். பந்தியிலே பரிமாறுபவர், ஏவல் செய்பவர் என்பன அச்சொல்லின் பழம்பொருள்கள். அடிமைக்கு ஏவல் செய்தல் புதிதன்று. நினைவு தெரிந்த நாள்தொட்டு அவள் செய்வது அதுவே. எனினும் எசமானுக்குச் செய்யும் ஏவல் அவள்மீது சுமத்தப்பட்ட இழிவாகவும், சபைக்குச் செய்யும் ஏவல் அவள் ஏற்றுக்கொண்ட பதவியாகவும் அமைந்துவிட்டன. செயல் ஒன்றாயிருக்க அதன் பெறுமானம் மாறியது எதனால்? விசுவாசத்தினால் என்பது சமயவாதி தரும் விடை. அவ்விடையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமலும் எள்ளி ஒதுக்காமலும் ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவை இன்னுங் கூர்மையாக்கலாம். ஒருவன் தன் கடவுளின்பொருட்டுப் பிறனொருவனுக்கு உதவுகின்றான். அவ்வுதவியிலே அந்தப் பிறனுக்குரிய இடம் யாது? அவன் உண்மையிலேயே உதவப்படும் மனிதனா, அல்லது உதவுபவன் தன் மோட்சத்தை எட்டுவதற்கு மிதித்து ஏறும் படியா? மனிதரை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது எனக் கான்ற் வற்புறுத்தியதை மெய்யியல் மாணவர் இவ்விடத்து நினைவுகூர்வர். தமிழ் மாணவர்க்கு அதற்கும் நெடுங்காலம் முந்திய சான்று ஒன்று நினைவுக்கு வரும். ஆய் என்னும் வள்ளலைப் பாடிய முடமோசியார், மறுமைப் பயனை எண்ணி அறத்தை விலைபேசும் வணிகன் அவன் அல்லன் என்பதையே அவனுடைய பெருமையாகக் காட்டுகிறார். அந்த அளவுகோலை ஆதிக் கிறிஸ்தவரின் தொண்டின்மேல் வைத்தால் அது தேறுமா?

மூலங்களைப்பற்றி ஒரு வார்த்தை. இவ்வாழ்க்கை வரலாறுகளிற் பெரும்பாலானவை அன்பராலும் அடியாராலும் எழுதப்பட்டவை. உரோமாபுரியிலே 258ஆம் ஆண்டிற் கொல்லப்பட்ட லோறன்ஸ் என்ற தொண்டர், திருச்சபையின் செல்வத்தை ஒப்படைக்கும்படி அதிகாரி கேட்டபோது நகரத்து ஏழைகளைத் திரட்டி வந்து, இவர்களே அச்செல்வம் என்று காட்டினார் என்னும் கதையை அறியாதார் குறைவு. ஆனால் அதனை நமக்குத் தருபவர்களான அம்புரோசியாரும் புருதென்சியுசும் அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்தபின் எழுதியவர்கள். அதற்கு மாறாக, 251ஆம் ஆண்டளவில் உரோம ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதமொன்றை யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றிலே பாதுகாத்துள்ளார். அக்காலத்து உரோமச் சபையிலே 46 குருமாரும் 7 தொண்டரும் இருந்தனர் என்றும், 1,500க்கு மேற்பட்ட விதவைகளையும் வறியோரையும் அச்சபை பராமரித்தது என்றும் அதிலே கணக்குத் தரப்படுகிறது. இரும்புக் கட்டிலிலே வாட்டப்பட்டார் என்ற கதையிலும் பார்க்க இந்தக் கணக்கே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. சட்டம் ஏற்காத ஒரு கூட்டம், தன் தலைவர்கள் எந்நேரமும் பிடிபடலாம் என்ற நிலையில், ஆயிரத்தைந்நூறு வாய்களுக்கு நாள்தோறும் உணவு தேடியது என்பதே அதன் பொருள்.

இவ்வகைக் கூட்டுத் தொண்டு கடுஞ்சோதனைக்கு உள்ளானது கொள்ளைநோய்க் காலத்திலேயாம். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே உரோமப் பேரரசை ஒரு பெருநோய் வாட்டியது. அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியார் 260ஐ அண்டிய காலத்திலே எழுதிய திருமுகமொன்று அந்நகரின் நிலையை விவரிக்கிறது. சபையினர் பலர் தம்மைக் காத்துக்கொள்ளாது நோயாளரைத் தொட்டுப் பராமரித்தனர். இறந்தோரைக் கழுவி, கண்மூடி, அடக்கஞ் செய்தனர். சிறிது காலத்துள் தாமும் அந்நோயினாலேயே மாண்டனர். இவ்வாறு இறந்தோரின் சாவு வேதசாட்சிகளின் சாவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது தியோனீசியாரின் கருத்து. மற்றையோரோ நோய்கண்ட உறவினரையும் உயிர் போகுமுன்னரே தெருவிலே தள்ளினர் என்கிறார் அவர்.

இக்கூற்றின் இரண்டாம் பகுதியை நான் முழுமையாக நம்பத் தயங்குகிறேன். தன் கூட்டத்தாரைப் புகழ்வதற்கு மற்றையோரை இருளாக்கிக் காட்டுதல் எச்சமயத்துக்கும் பொதுவான பழக்கம். கி.மு. 430ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரைத் தாக்கிய கொள்ளைநோயை வருணித்த துசிடிடீஸ், நாணத்தினாலும் நற்பண்பினாலும் நண்பர் வீடுகளுக்குச் சென்று நோயாளரைப் பார்த்தவர்களே அதிகமாக இறந்தனர் என்று எழுதியிருக்கிறார். கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னே வாழ்ந்த அம்மக்களுக்குப் பரலோக நம்பிக்கை எதுவும் துணை நின்றதாகத் தெரியவில்லை. ஆகவே விசுவாசமின்றித் தொண்டில்லை என்பது பொருந்தாது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. துசிடிடீஸ் காட்டுவது தனிமனிதரின் பெருந்தன்மை. சென்று பார்க்கப்பட்டவர்களும் நண்பர்களே. தியோனீசியார் காட்டுவது ஒரு கூட்டத்தின் கடமை. முன்னையது போற்றப்பட்டது, பின்னையது எதிர்பார்க்கப்பட்டது. சமூகவியலாளர் றொட்னி ஸ்டார்க் 1996இல் வெளியிட்ட நூலிலே, மருந்தேதுமின்றி நீரும் உணவும் கொடுத்துப் பராமரித்தமையே பலரைப் பிழைக்கவைத்திருக்கும் என வாதிட்டார். அவருடைய கணக்குகளை மறுப்போர் உளர். அடிப்படைக் கருத்து ஏற்கத்தக்கதே. ஆனால் பராமரித்தவர்கள் அத்தகைய கணக்கை அறிந்து செய்யவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இனி அறத்தை விலைபேசும் வணிகத்துக்கு வருவோம். அக்குற்றச்சாட்டுக்குக் கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்பிரியன் தாமே சான்று தருகிறார். தானதருமங்களைப் பற்றி அவர் எழுதிய சிறுநூலிலே, ஞானஸ்நானத்தின் பின் செய்த பாவங்களைத் தருமம் கழுவுகிறது என்று வெளிப்படையாகவே போதிக்கிறார். கொடுப்பவனுக்குக் கடவுள் கடனாளியாகிறார் என்ற பாங்கிலே அவருடைய வாதம் செல்கிறது. செல்வருக்கு உவப்பான போதனை இது. ஏழை எக்காலத்தும் ஏழையாகவே இருந்தாலன்றிச் செல்வரின் பாவம் கழுவப்படுவதற்கு வழியில்லை என்ற விபரீதமும் இதனுள் மறைந்திருக்கிறது. பிற்காலத்து நிலவுடைமைச் சமுதாயங்களிலே இப்போதனை எவ்வாறு பயன்பட்டது என்பதை வரலாறு கற்போர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் அம்மனிதரின் வாழ்வு அவருடைய போதனையைவிடப் பெரிதாக இருந்தது. செல்வரும் சொல்வன்மை மிக்க ஆசிரியருமாயிருந்த அவர் மனந்திரும்பியபோது தம் உடைமையின் பெரும்பகுதியைப் பகிர்ந்தளித்தார். 250இல் தேசியஸ் பேரரசனின் ஆணைப்படி யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டி நேர்ந்தபோது சிப்பிரியன் நகரைவிட்டு மறைந்துறைந்து, கடிதங்கள் மூலம் சபையை நடத்தினார். ஓடிவிட்டார் என உரோமச் சபையாருங் குறைகூறினர். அவர் திரும்பியபின் கார்த்தேஜைக் கொள்ளைநோய் தாக்கிற்று. அப்போது அவர் மக்களைக் கூட்டி, நம்மவரை நாம் பராமரிப்பது வியப்பன்று, நம்மைத் துன்புறுத்தியவரையும் பராமரிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதாக அவருடைய தொண்டர் பொந்தியுஸ் எழுதுகிறார். துன்புறுத்தியவர் என்பது இங்கு அலங்காரச் சொல்லன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆணை வந்தபோது அயல்வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுத்தவர்கள் அதே தெருவிலே நோயுற்றுக் கிடந்தனர். நுமீதியாவிலே கொள்ளையராற் பிடித்துச் செல்லப்பட்டோரை மீட்பதற்கு அச்சபை 100,000 செஸ்தேர்சு திரட்டி அனுப்பிய செய்தியும் அவர் கடிதங்களிலே உண்டு. 258 செப்டெம்பர் 14இல் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். தம் தலையை வெட்டவந்தவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கும்படி அவர் சொன்னது விசாரணைக் குறிப்பிலே பதிவாகியுள்ளது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். பரலோகத்தை உறுதியாக நம்புபவனுக்குச் சாவு நட்டமன்று, இலாபமே. நட்டமில்லாத ஒருவன் உயிரைக் கொடுப்பதை எவ்வாறு தியாகம் என்பது? வலிமையான தடைதான். ஆனால் இதற்குரிய விடையும் அதே சிப்பிரியனின் எழுத்திலேயே கிடைக்கிறது. தேசியஸின் ஆணை வந்தபோது, எவரும் வற்புறுத்துமுன்னரே தம் சபையினர் கூட்டங் கூட்டமாகச் சென்று பலியிட்டனர் என்று அவர் நொந்து எழுதுகிறார். அவர்களும் பரலோகத்தை நம்பியவர்களே. அந்நம்பிக்கை சாவின் அச்சத்தைப் போக்கிவிடவில்லை. கொள்கையளவில் இலாபம் என்று கூறப்பட்ட சாவு, உடம்பளவில் நட்டமாகவே இருந்தது. ஆகவே நோயாளரின் அருகே தங்கியவர்கள் மலிவான பேரம் ஒன்றைச் செய்தார்கள் என்று சொல்லுதற்கு இடமில்லை. பேரம் மட்டுமே நோக்கமாயின், தொலைவிலிருந்து காசனுப்பியும் அதே பாவமன்னிப்பை அவர்கள் பெற்றிருக்கலாம் அல்லவா?

தொண்டின் நோக்கத்தை ஐயுற்றவர்களிலே மிகக் கூர்மையானவர் பேரரசர் யூலியன். கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டுப் பழைய தேவ வழிபாட்டுக்குத் திரும்பிய அவர், 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசகர் அர்சாக்கியுசுக்கு எழுதியதாக ஒரு கடிதம் உளது. அது அவருடையதன்று என வாதிடும் ஆய்வாளரும் இருக்கின்றனர். அந்நியரை உபசரித்தல், இறந்தோரை அடக்கஞ் செய்வதிற் காட்டும் அக்கறை, தூய வாழ்வென்ற பாசாங்கு ஆகியவற்றாலேயே கலிலேயர் மதம் வளர்கிறது என்பது கடிதத்தின் சாரம். யூதருள் இரப்போர் இல்லை. கலிலேயர் தம் ஏழைகளை மட்டுமன்றி நம் ஏழைகளையும் உண்பிக்கின்றனர். நம்மவருக்கு நாம் உதவாதிருப்பது வெட்கம் என்கிறார். ஒவ்வொரு நகரிலும் விடுதிகள் அமைக்கும்படியும், அதற்கென ஆண்டுதோறும் 30,000 மோதி கோதுமையும் 60,000 அளவை முந்திரிகை இரசமும் தருவதாகவும் எழுதி, ஐந்திலொரு பங்கு பூசகருக்கு ஏவல் செய்யும் ஏழைகளுக்கு, எஞ்சியது அந்நியருக்கும் இரப்போருக்கும் என்று பங்கீடும் வகுக்கிறார். அடுத்த ஆண்டு பாரசீகப் போரிலே அவர் இறந்தார்.

யூலியனைச் சமயநூல்கள் வழக்கமாகக் கோமாளியாகவே காட்டுவதுண்டு. அது நேர்மையன்று. விருந்தோம்பல் கிரேக்கரின் சொந்த மரபு என்பதற்கு, ஒமரின் காவியத்திலே வரும் பன்றி மேய்ப்பவனான அடிமை யூமேயுசை அவர் சான்று காட்டுகிறார். அறத்தை எந்தச் சமயமும் தனியுடைமையாக்க முடியாது என்ற உண்மை அதிலே அடங்கியிருக்கிறது. அவர் எழுப்பிய ஐயமும் காலாவதியானதன்று. உதவியைத் தூண்டிலாக்கி மதம் மாற்றுதல் பற்றிய விவாதம் நமது நாட்டிலும் எழுந்தது; 2004இல் கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்யுஞ் சட்டமூலமொன்று பாராளுமன்றத்தின் முன் வந்தபோது அது உச்சநிலையை அடைந்தது. அச்சட்டமூலம் சட்டமாகவில்லை. ஆனால் ஐயம் சட்டத்தோடு போய்விடுவதில்லை. தூண்டிலையும் உணவையும் வேறுபடுத்துவது எங்ஙனம் என்று கேட்டால், எனக்குத் தோன்றும் உரைகல் ஒன்றே. உதவி பெற்றவன் மதம் மாற மறுத்த மறுநாளும் அவனுக்கு உணவு வருகிறதா என்று பார்க்கவேண்டும். பகைவரின் கூற்றாதலால் யூலியனின் கடிதத்துக்கு இங்கு தனி மதிப்புண்டு. தேவர்களையே தொடர்ந்து வழிபட்ட ஏழைகளும் கலிலேயரிடம் உண்டுவந்தனர் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். இல்லையேல் ‘நம் ஏழைகள்’ என்று அவர் எழுதியிருக்க முடியாது.

யூலியனின் மறைவின் பின் சில ஆண்டுகளிலே, கலாத்தியாவுக்கு அயலான கப்பதோக்கியாவிலிருந்து இவ்வினாவுக்கு முற்றிலும் வேறானதொரு விடை வந்தது. அதனைத் தந்தவர் செசாரியாவின் பசீலியார். யூலியன் ஏதென்ஸிலே பயின்ற காலத்தை ஒட்டித் தாமும் அங்கு பயின்றவர். 368, 369ஆம் ஆண்டுகளை அண்டிக் கப்பதோக்கியாவிலே மழை பொய்த்துக் கடும் பஞ்சம் உண்டாயிற்று. கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள உள்நாடு ஆதலால் வெளியிலிருந்து தானியம் வருவது அரிது. தானியம் வைத்திருந்தோர் விலை ஏறும்வரை களஞ்சியத்தைப் பூட்டிவைத்தனர். அப்போது குருவாயிருந்த பசீலியார், செல்வர் களஞ்சியங்களைத் தம் சொல்வன்மையாலே திறப்பித்து, பெரும் பானைகளிலே பருப்புக் கஞ்சி காய்ச்சி, இடையிலே துணி கட்டிக்கொண்டு தம் கையாலேயே பரிமாறினார் என்று நண்பர் நசியான்சு கிரகோரியார் கூறுகிறார். தம் பிள்ளைகளுள் எவனை விற்பது, மூத்தவனையா இளையவனையா, என்று தந்தையொருவன் தெரியாது திகைக்கும் காட்சியைப் பசீலியார் ஒரு பிரசங்கத்திலே வருணித்துள்ளார். அந்த விலையை வாங்க வந்தவன் அதிலும் பேரம் பேசுகிறான் என்பதையும் அவர் விடவில்லை.

அவர் செல்வரை நோக்கி முன்வைத்த வாதம் இரக்கத்தை அடிப்படையாகக் கொண்டதன்று. நீ சேமித்து வைத்த அப்பம் பசித்தவனுடையது, பெட்டியிலே மடித்து வைத்த ஆடை ஆடையற்றவனுடையது, அதனைக் கொடாதிருப்பது கருணையின்மையன்று, களவு என்பது அவ்வாதத்தின் உள்ளீடு. சிப்பிரியனின் போதனையோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். அங்கே கொடுப்பவன் புண்ணியம் ஈட்டுகிறான். இங்கே அவன் கடனை மட்டுமே தீர்க்கிறான். கடன் தீர்ப்பவனை எவரும் வள்ளல் என்று பாடுவதில்லை. கடனைப் பெற்றுக்கொள்பவன் கைகட்டி நிற்கவேண்டியதும் இல்லை. உதவப்படுபவன் படிக்கட்டாகிறான் என்று தொடக்கத்திலே எழுப்பிய ஐயம் இவ்விடத்து வலுவிழக்கிறது. பசித்தவன் இங்கு உரிமையாளன். ஈகையின் நோக்கம் தூயதா என்ற வினாவை, அது ஈகையேயன்று என்று கூறிப் பசீலியார் கடந்து செல்கிறார். எனது கருத்திலே, ஆதித் திருச்சபை அறவியலுக்கு வழங்கிய பங்களிப்புகளுள் இதற்கு நிகரானது பிறிதில்லை. அதனைத் திருச்சபையே பிற்காலத்திற் பெரும்பாலும் மறந்திருந்தது என்பது வேறு கதை.

370இல் ஆயரான பசீலியார் செசாரியாவின் புறத்தே ஒரு நிறுவனத்தை எழுப்பினார். வழிப்போக்கருக்குத் தங்குமிடம், நோயாளருக்கு வைத்தியரும் தாதியரும், சுமை விலங்குகள், வழித்துணைவர், தொழிற்கூடங்கள் ஆகியன அங்கு இருந்தமை, ஆளுநருக்கு அவர் எழுதிய கடிதத்தாற் புலனாகிறது. அக்கடிதம் பெருமை பேசுவதன்று. அரசுக்கு இடையூறு செய்கிறார் என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக எழுதப்பட்டது. நகரங்களிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் நீர்நிலைகளிலிருந்தும் விரட்டப்பட்ட தொழுநோயாளர் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். மேற்கிலே, 390ஐ அண்டி, உரோமாபுரியில் நோயாளருக்கென இல்லம் அமைத்த பபியோலா என்ற செல்வப் பெண், அழுகிய புண்களைக் கழுவித் தம் தோளிலே நோயாளரைச் சுமந்தார் என ஜெறோம் எழுதுகிறார். மணமுறிவின் பின் மறுமணம் செய்தமைக்காகப் பகிரங்கத் தவம் செய்த பெண் அவர். அக்குறையை ஜெறோம் நீண்ட நியாயங்கள் கூறி மூடமுயல்வது வாசகருக்குச் சிறிது நகைப்பையும் தரும்.

இத்தகைய தொண்டு சமுதாய அமைப்பைத் தொட்டதா என்று கேட்பது தவிர்க்கவியலாதது. பிளினி சித்திரவதை செய்த பெண்கள் அடிமைகள். அடிமைத்தனத்தை ஆதித் திருச்சபை ஒழிக்கவில்லை. ஒழிக்கவேண்டும் என்று பெரும்பாலார் சொல்லவுமில்லை. களஞ்சியத்தை உடைமையாளனிடமிருந்து பிரித்த பசீலியாரே, அறிவிற் குறைந்தோர் பிறருக்குக் கீழ்ப்பட்டிருத்தல் அவர்களுக்கு நன்மையாகலாம் என்று ஓரிடத்திலே எழுதினார். அப்பத்திலே கண்ட உரிமையை மனித உடலிலே அவர் காணவில்லை. கண்டவர் அவருடைய தம்பி நீசா கிரகோரியார். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவனுக்கு எத்தனை காசு விலைபேசுவாய் என்ற கருத்திலே அடிமையுடைமையையே அவர் கண்டித்த பிரசங்கம், பண்டைய உலகிலே ஏறத்தாழ ஒற்றைக் குரலாக நிற்கிறது. அக்குடும்பத்திலே அதனை வாழ்ந்து காட்டியவர் அவர்களின் தமக்கை மக்ரீனா. பணிப்பெண்களோடு ஒரே பந்தியிலே ஒரே உணவை உண்டு, ஒரே வகைப் படுக்கையிலே உறங்கும்படி தாயையும் இணங்கச்செய்தார். பஞ்சகாலத்திலே தெருவிலே எறியப்பட்ட பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 379இல் அவர் இறந்தபோது, தாயை இழந்தோம் என அப்பெண்கள் அழுததைத் தம்பி பதிவுசெய்துள்ளார். பிரசங்கத்தின் கருத்து அத்தமக்கையின் அடுக்களையிலேயே முளைத்திருக்கலாம் என்று எண்ணுதல் மிகையாகாது.

இதுவரை விசுவாசம் தொண்டுக்குத் துணைநின்ற இடங்களையே பெரும்பாலும் கண்டோம். அது தொண்டுக்கு எதிராக நின்ற இடமும் உண்டு. அதனை ஒளிப்பது நேர்மையாகாது. எகிப்திலே அந்தோனியார் என்னும் இளைஞர், பெற்றோர் இறந்து ஆறு மாதங்களுள், தமக்கிருந்த முந்நூறு அரூரா நிலத்தைத் துறந்து, தம் ஒரே தங்கையைக் கன்னியர் கூட்டத்திலே ஒப்படைத்துவிட்டு வனவாசம் சென்றார். அத்தங்கையிடம் எவரும் கருத்துக் கேட்டதாக வரலாற்றிலே குறிப்பில்லை. தனித்திருந்து தவஞ்செய்பவன் எவருடைய பாதத்தைக் கழுவமுடியும் என்ற பொருளிலே பசீலியார் பின்னர் வினவியதுண்டு. அந்தோனியாருக்கே அவ்வினா உறுத்தியதுபோலும். மக்சிமினுவின் துன்புறுத்தல் நிகழ்ந்த 311ஆம் ஆண்டளவில் அவர் பாலைவனத்தை விட்டு அலெக்சாந்திரியாவுக்கு வந்து, சிறைகளிலும் சுரங்கங்களிலும் வாடியோருக்குப் பணிவிடை செய்தார்.

இதனிலும் கடியது பெர்பெத்துவாவின் வரலாறு. 203 மார்ச் 7இல் கார்த்தேஜின் களரியிலே விலங்குகளுக்கு இடப்பட்டு, இறுதியில் வாளாற் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்திரண்டு. நம்மிற் பலரின் வயது. நன்றாகக் கல்வி பயின்றவர். மடியிலே பால்குடி மறவாத ஆண்குழந்தை. சிறையிலே அவர் தம் கையால் எழுதிய குறிப்புகள் எஞ்சியுள்ளன. நரைத்த தந்தை வந்து காலில் விழுகிறார். குழந்தையைக் காட்டி இரக்கிறார். பலியிடு, பிள்ளைமேல் இரங்கு என்கிறார். அவர் மறுக்கிறார். தந்தை பிரம்பால் அடிக்கப்படுகையில், தன்மேல் விழுந்த அடிபோல வருந்தியதாக எழுதுகிறார். தீர்ப்பின் பின் குழந்தையைத் தரத் தந்தை இசையவில்லை. அதன்பின் பிள்ளை பாலைக் கேட்கவில்லை, தம் மார்பும் கட்டிக்கொள்ளவில்லை என்பதைக் கடவுளின் திருவுளமாக அவர் ஏற்றுக்கொள்கிறார்.

இதனை வாசித்துவிட்டு, விசுவாசத்தின் வெற்றி என்று மகிழ்ந்து எழுதிச் செல்ல என்னால் இயலவில்லை. தன்னை முழுமையாகச் சார்ந்திருந்த ஒரே உயிருக்குச் செய்யவேண்டிய தொண்டை அவர் கைவிட்டார் என்பது உண்மை. ஒரு சிட்டிகை தூபத்துக்காகவா என்று கேட்கலாம். அத்தூபத்தை இட்டிருந்தால், பேரரசன் சொல்வதே கடவுள் என்ற உலகத்திலே அப்பிள்ளை வளர்ந்திருக்கும் என்று அவர் சார்பிலே விடை கூறலாம். இரண்டும் வலியன. ஒன்றை மற்றதாற் கரைத்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவரோடு கொல்லப்பட்டவர்களுள் பெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணும் ஒருத்தி. கைதாகும்போது நிறைமாதத்தை அண்மித்த கருவுடையவள். கருவுற்றவளைக் கொல்வதற்குச் சட்டம் இடங்கொடாமையால், தோழருடன் சாகமுடியாமற் போய்விடுமோ என அஞ்சினாள். எட்டாம் மாதத்திலேயே சிறையில் வலிகண்டது. வேதனையால் அவள் முனகியபோது, இதற்கே இப்படியானால் விலங்குகளின் முன்னே என்ன செய்வாய் என்று காவலனொருவன் ஏளனஞ் செய்தான். பிறந்தது பெண். சகோதரி ஒருத்தி அதனைத் தன் மகளாக வளர்த்தாள் என்று அவ்வரலாறு கூறுகிறது. உடன்பிறந்தவள் என்ற பொருளிலா, சபையைச் சேர்ந்தவள் என்ற பொருளிலா அச்சொல் வழங்கப்பட்டது என்பதற்கு விளக்கமில்லை. பெரும்பாலார் பின்னதையே கொள்வர். பெயர் தரப்படவில்லை. இலத்தீன் மூலத்திலே அவளுக்குக் கிடைத்திருப்பது ஒரு வாக்கியத்தின் பிற்பாதி மட்டுமே.

கிறிஸ்தவராயிருத்தலே குற்றமாகக் கொள்ளப்பட்ட நகரிலே, குற்றவாளியாகக் கொல்லப்பட்ட அடிமையொருத்தியின் பிள்ளைக்கு அவள் பாலுக்கு வழிதேடியிருக்கவேண்டும், காய்ச்சலிலே விழித்திருந்திருக்கவேண்டும், தாய் எங்கே என்று பிள்ளை கேட்ட நாளில் ஏதோ ஒரு விடை சொல்லியிருக்கவேண்டும். அக்குழந்தை அந்நகரிலேயே உயிர்வாழ்ந்திருந்தால், தேசியஸின் ஆணை வந்த 250ஆம் ஆண்டிலே அவளுக்கு வயது நாற்பத்தேழாகியிருக்கும். சிப்பிரியன் மக்களைக் கூட்டி நோயாளரிடம் போகச் சொன்னபோது ஐம்பதை அண்டியிருக்கும்.